ஜெராய் மலை அடிவாரத்தில் சில கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் அரை மணி நேரம் சரித்திரம் பேசுவோம். தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில். சென்ற வாரம் கேட்டவை இவை.

ஐந்தாம் படிவ மாணவர்: சார், ராஜேந்திர சோழன் மலேசியாவையே ஆண்டார்னு டிக்டாக்ல சொல்றாங்களே?

1025-இல் படை வந்தது உண்மை தம்பி. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று அவர் புகழைக் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்தியே பாடுகிறது. கடாரத்து, அதாவது நம் கெடாவின், அரசனைப் பிடித்ததையும் செல்வத்தை அள்ளியதையும் சொல்கிறதே தவிர, இங்கே உட்கார்ந்து ஆண்டதாகச் சொல்லவில்லை. அதற்கு இருபது வருஷம் முன்னால் நடந்ததுதான் எனக்குச் சுவை. இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தவர் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். அப்பா ஊர் கொடுத்தார், மகன் படையெடுத்தார். கடல் வியாபாரத்தில் யார் கை ஓங்குவது என்ற புகைச்சல்தான் நடுவில் என்பது என் கணிப்பு.

செம்பனைத் தோட்டத்து மண்டோர் (கங்காணி): படைக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாரும் வரலையா வாத்தியாரே?

ஏன் வராமல்? தாய்லாந்தின் கிராபி பக்கம், குளோங் தோம் என்ற இடத்தில் கையில் அடங்கும் ஒரு கல் கிடைத்தது. தங்கம் உரைத்துப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று வெட்டியிருக்கிறது. மூன்றாம் நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். கல் காணாமல் போய்விடுமோ என்று பேர் வெட்டி வைத்த ஒரு தட்டான்! நம் வீட்டில் எவர்சில்வர் சொம்பில் பேர் வெட்டுவோமே, அதே புத்தி. மெய்க்கீர்த்தி எல்லாவற்றையும் விட இந்தக் கல்தான் எனக்குப் பெரிது. பிறகு சுமத்ராவின் பாருஸில் 1088-இல் ஐந்நூற்றுவர் வணிகர்கள் தமிழ்க் கல்வெட்டு நட்டார்கள். 1281-இல் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்திலும் ஒன்று.

மளிகைக் கடை அக்கா: ஜிபிஎஸ் இல்லாம எப்படி சார் இந்தக் கரையைக் கண்டுபிடிச்சாங்க?

வாசலுக்கு வந்து பாரும்மா, ஜெராய் தெரிகிறதா? 1,217 மீட்டர். சுற்றிலும் சதுப்புக் காடும் சமவெளியும். கடலில் இருந்து வருகிறவனுக்கு முதலில் தட்டுப்படுவது இந்த மலைதான். தென்மேற்குக் காற்றில் வந்தவன் வடகிழக்குக் காற்று எழும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சும்மா இருப்பானா? கடை போட்டான், கோயில் கட்டினான், பெண் எடுத்தான். அதனால்தான் மலாயில் கெடாய், காப்பால், கட்டில், கோலாம் எல்லாம் நம் வாடை அடிக்கிறது. கோலாம் நம் குளம்தான். மெர்போக்கில் புக்கிட் பத்து பாஹாட் சண்டிக்கு (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) போனால் மரத்தூண் நின்ற கல் அடிகளைப் பாருங்கள். மரம் போய்விட்டது, கல் இருக்கிறது. அந்தக் கொடுப்பினைகூட இன்னொரு சண்டிக்கு இல்லை. வீடு கட்ட நிலம் திருத்தியவர்கள் அதை இடித்துத் தள்ளியது 2013-இல் தெரிய வந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

டாக்சி ஓட்டுநர்: உலகத்தை முதல்ல சுத்தினது மெகல்லன் தானே?

இல்லை தம்பி. அவர் 1521-இல் பிலிப்பீன்சின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். கப்பலை ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுபோனவர் எல்கானோ. ஆனால் மெகல்லனிடம் என்ரிக்கே என்று ஓர் அடிமை இருந்தான். 1511-இல் மலாக்கா போர்ச்சுகீசியரிடம் விழுந்தபோது சிக்கியவன். பிலிப்பீன்ஸ் தீவு ஒன்றில் அவன் மலாயில் குரல் கொடுக்க, படகில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. மேற்கே போய்ப் போய்த் தன் பேச்சு புரியும் இடத்துக்கே வந்துவிட்டான். பிறகு அவன் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை. வீடு திரும்பியிருந்தால், முதலில் சுற்றியவன் அவன்தான்.

பால் வெட்டிய பாட்டி: எங்க பால்மரம் எந்த ஊரு?

உங்க ரப்பர் மரம் பிரேசில், பாட்டி. 1876-இல் விக்கம் என்ற வெள்ளைக்காரர் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்கா. ஜப்பான்காரன் காலத்தில் நம்மைக் காப்பாற்றிய மரவள்ளியும் தென் அமெரிக்காக்காரிதான்.

"போதும் வாத்தியாரே, மரவள்ளி எங்க ஊருக் கிழங்கு" என்று பாட்டி வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.