கணிதம் படித்தவர் கிரிப்டோகிராபிக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். எண் கோட்பாடு மிகவும் பிடிக்கும். முதுகலையில், செய்திகளை ரகசியமாகப் பூட்டி அனுப்பும் கலையான கிரிப்டோகிராபியும் தகவல் பாதுகாப்பும் படிக்க ஆசை. புரோகிராமிங் அவ்வளவாகத் தெரியாது. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். தோழிகளோ ஆறு மாத ஹேக்கிங் சான்றிதழே போதும் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, தென்காசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழ் வகுப்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். கருவிகளை இயக்க அங்கே கற்றுத்தருவார்கள். எண் கோட்பாட்டை விரும்பிப் படிக்கும் உங்களுக்கு அது போதாது.

நீங்கள் சேர்த்துச் சொல்லும் இரண்டும் வெவ்வேறு படிப்புகள். கிரிப்டோகிராபியின் உயிர் கணிதம். செய்திகளைப் பூட்ட 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்ற முறையையே பாருங்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அந்தக் கடினத்தை நம்பித்தான் அந்த முறையே நிற்கிறது. பூட்டிய செய்தி சரியாகத் திறக்கும் என்பதற்கு நிரூபணம், நீங்கள் வகுப்பில் படித்த ஆய்லர் தேற்றம்!

தகவல் பாதுகாப்போ நெட்வொர்க், இயங்குதளம், சட்டம், மனிதர்களின் பழக்கவழக்கம் என்று விரியும். 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற மென்பொருள் கோளாறில் கணிதம் துளியும் தவறவில்லை. நினைவகத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று சரிபார்க்கும் வரி நிரலில் விடுபட்டிருந்தது. அதனால் உலகெங்கும் சர்வர்களின் ரகசியச் சாவிகளே கசியக்கூடிய நிலை வந்தது. ஆகவே, கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் ஒப்பேற்ற முடியாது. பைத்தான் நிரல்மொழியை இந்த வாரமே தொடங்குங்கள், பிறகு சி மொழி. சிறிய பகா எண்களை வைத்து ஆர்.எஸ்.ஏ.வை நீங்களே எழுதிப் பாருங்கள்.

கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கிரிப்டாலஜி அண்ட் செக்யூரிட்டி என்றே ஒரு எம்.டெக். இருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி.யை வைத்து அதில் நேராகச் சேர முடியாது. எனவே முதலில் எம்.எஸ்சி. கணிதம். அதில் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் ஆழமாகப் படியுங்கள். குவாண்டம் கணினியின் தாக்குதலையும் தாங்கும் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட மூன்று கிரிப்டோகிராபித் தரங்களில் இரண்டு, லாட்டிஸ் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் வலை) கணிதத்தின் மேல் கட்டப்பட்டவை. கணிதம் கற்றவர்களுக்கு அங்கே இன்னும் நிறைய வேலை காத்திருக்கிறது.

அப்பாவிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். அந்த எம்.டெக். படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. பி.எட். சேர எம்.எஸ்சி. ஒரு தடையே அல்ல. முடித்த பிறகும் சேரலாம். சேர்க்கை அறிவிப்பு வந்ததும் அந்த ஆண்டுக்கான தகுதி விதிகளை அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.