சைக்கிள் ஃப்ரேம்: எங்கிருந்து அளப்பது?

சொந்தமாக ஸ்டீல் ஃப்ரேம் செய்ய இறங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், அளவு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்குப் பிடித்த பழைய சைக்கிளின் அளவுகளை எடுத்து அதே போல ஒரு ஃப்ரேம் செய்ய ஆசை. மூன்று தடவை அளந்தேன், மூன்று விதமான எண் வருகிறது. டேப் சரியில்லையா?

பதில்: டேப் சரியாகத்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் நீங்கள் வேறு இடத்திலிருந்து அளந்திருப்பீர்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூப் 54 செ.மீ. என்று யாராவது சொன்னால், அது மேலே குறுக்கே போகும் டாப் ட்யூபின் மையம் வரையா, சீட் ட்யூபின் மேல் விளிம்பு வரையா என்று கேட்காமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவே கூடாது. பெடல் கைகள் சுற்றும் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்தை (இனி பெடல் மையம்) ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்பும் முன்குழாயான ஹெட் ட்யூபின் மேல்முனை அங்கிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால். பின் அச்சு எவ்வளவு தூரம், எவ்வளவு மேலே. எல்லாமே அந்த ஒரு புள்ளியிலிருந்து.

அப்புறம், ஒரு ஓட்டையின் மையத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடித்து ஸ்கேலை வைக்காதீர்கள், அதிலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். இரண்டு வட்டங்களின் கிட்ட இருக்கும் விளிம்புகளுக்கு இடையே ஒரு அளவு, எட்ட இருக்கும் விளிம்புகளுக்கு இடையே ஒரு அளவு எடுத்து, கூட்டி இரண்டால் வகுத்தால் மையத்துக்கு மையம் கிடைத்துவிடும். வட்டங்கள் வேறு வேறு விட்டமாக இருந்தாலும் இது சரியாக வரும்.

கேள்வி: கோணத்தை மொபைல் ஆப் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: சுமாரான மதிப்பு போதும் என்றால் பார்க்கலாம். ஆனால் சீட் ட்யூப் கோணத்தில் ஒரு டிகிரி தவறினால், பெடல் மையத்திலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் சீட் கிட்டத்தட்ட 12 மி.மீ. முன்னேயோ பின்னேயோ போய்விடும், அதை உங்கள் முழங்கால் கண்டுபிடித்துவிடும். டிஜிட்டல் கோணமானி இருந்தால், இரண்டு சக்கரமும் நிற்கும் தரையில் முதலில் அதை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு குழாய்மேல் வையுங்கள். ஹெட் ட்யூப் நீளம் குறைவு என்பதால் கருவி அதன்மேல் ஒழுங்காக உட்காராது. அதன் இரு வாயிலும் சரியாகப் பொருந்துகிற கூம்பு வைத்து, நடுவே ஒரு நேரான கம்பியைச் செருகி, வெளியே நீட்டியிருக்கும் கம்பியில் அளந்தால் எண் நிலையாக நிற்கும்.

கேள்வி: வரைபடம் தயார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஃபோர்க், அது ஹெட் ட்யூபுக்குள் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட், டயர் மூன்றும் கையில் வந்த பிறகு வரையுங்கள். என்னுடைய இரண்டாவது ஃப்ரேமில் ஃபோர்க்கின் உயரத்தை அச்சிலிருந்து அதன் இரு கால்களும் மேலே சேரும் கிரவுன் வரை துல்லியமாக அளந்துவிட்டு, வரைபடத்தில் ஹெட் ட்யூபை நேராக அந்தக் கிரவுன்மேலேயே உட்கார வைத்துவிட்டேன். நடுவே வரும் ஹெட்செட்டின் கீழ்க் கிண்ணம் 12 மி.மீ.; அது நினைவுக்கே வரவில்லை. முன்பக்கம் அவ்வளவு உயர்ந்ததில், ஒரு மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட அந்த சைக்கிளின் ஹெட் கோணமும் சீட் கோணமும் முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தன, பெடல் மையம் ஐந்து மில்லிமீட்டர்போல மேலே ஏறிவிட்டது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், டிரெயில் மாறிவிடும். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் படும். டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அதுதான் டிரெயில். சக்கர ஆரத்தை ஹெட் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ஃபோர்க்கின் ஆஃப்செட்டை (ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) கழித்து, அதே கோணத்தின் சைனால் வகுத்தால் வந்துவிடும். ஆரம் 340 மி.மீ., கோணம் 73 டிகிரி, ஆஃப்செட் 45 மி.மீ. என்றால் 57 மி.மீ. நான் வரைந்தது அது. கையில் வந்தது 61. நேராகப் போகும்போது நன்றாகவே இருந்தது, ஆனால் மெதுவாகப் போய்க் குறுகலாகத் திருப்பும்போது ஹேண்டிலைக் கொஞ்சம் வற்புறுத்த வேண்டியிருந்தது.

கேள்வி: மற்ற குழாயில் பொருந்துமாறு குழாய் முனையை அராவுவதற்காகக் காகித மாதிரி அச்சிட்டுச் சுற்றினேன், தாளின் முனைகள் சேரவில்லை.

பதில்: முதலில் அந்தத் தாளிலேயே 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பிரிண்டர் தாளுக்குள் அடங்குமாறு படத்தைச் சுருக்கியிருக்கும். 28.6 மி.மீ. குழாய்க்குச் சுற்றளவு 89.8 மி.மீ. காகிதத்தின் தடிமனால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி விழும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். குழாயின் இரு முனை வளைவும் ஒன்றுக்கொன்று முறுகாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு ஆங்கிள் இரும்பைக் குழாய்மேல் கவிழ்த்து, அதன் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு கோடு கிழித்து, இரண்டு மாதிரியையும் அந்தக் கோட்டில் பொருத்துங்கள். அராவிய முனையை மற்ற குழாயோடு சேர்த்துப் பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசிகிற இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில்தான் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். கசிகிற இடத்தையே அராவினால் இடைவெளி பெரிதாகும்.

கேள்வி: நூல் கட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சமம். ஃப்ரேம் நேர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பாதிதான். பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டிலிருந்து ஹெட் ட்யூபைச் சுற்றி மறுபக்க டிராப்அவுட் வரை நூலை இழுத்துக் கட்டி, சீட் ட்யூபுக்கு இருபுறமும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறோம். பின்பகுதி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஹெட் ட்யூப் முறுகியிருந்தால் தெரியாது. அதற்கு, பாட்டம் பிராக்கெட்டின் முகத்தைச் சமதளத்தில் இறுக்கி ஃப்ரேமைப் படுக்கவைத்து, சீட் ட்யூபின் மேல்முனை, ஹெட் ட்யூபின் மேல்முனை, கீழ்முனை மூன்றின் உயரத்தையும் ஒப்பிட வேண்டும். சீட் ட்யூப் 28.6, ஹெட் ட்யூப் 36 மி.மீ. விட்டம் என்றால், மேற்பரப்பில் அளக்கும்போது ஹெட் ட்யூப் 3.7 மி.மீ. உயரமாகக் காட்டுவதுதான் சரி. இதைக் கோணல் என்று நினைத்து நல்ல ஃப்ரேமை வளைத்தவர்கள் உண்டு.

கேள்வி: குழாய்களை இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் ஜிக் இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். தட்டையான பலகையில் முழு அளவு வரைபடம், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். ஜிக்கில் இறுக்கிப் பற்றவைத்தாலும் கழற்றியதும் ஃப்ரேம் நகரும், ஏனென்றால் சூடுபட்ட பக்கம் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. அதனால் ஒவ்வொரு இணைப்பும் முழுக்க ஆறிய பிறகு அளவெடுங்கள். 560 மி.மீ. ஸ்டீல் குழாய் நூறு டிகிரி கூடுதல் சூட்டில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டிருக்கும், அந்த எண்ணை நம்பி எதையும் வளைக்கக் கூடாது.

கேள்வி: பின் சக்கரம் ஒரு பக்கமாக நிற்கிறது. ஃப்ரேமா, சக்கரமா?

பதில்: ரிம் பிரேக் சைக்கிள் என்றால் சக்கரத்தைக் கழற்றி இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். ரிம் அதே பக்கம் நின்றால் ஃப்ரேம், எதிர்ப்பக்கம் மாறினால் சக்கரம்.