விரும்பித்தானே வந்தார்கள்?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'சுரண்டல்' என்கிறீர்கள். அவர்களை யாரும் கட்டி இழுத்து வரவில்லை. ஊரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பாதித்து வீடு கட்டுகிறார்கள், தங்கைக்குத் திருமணம் செய்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் சாயம் பூச வந்தவர்களுக்குக் குளிர்பானம் கொடுத்தோம். சிரித்துப் பேசினார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை. விரும்பி வந்தவர்களை ஏன் பாதிக்கப்பட்டவர்களாகக் காட்டுகிறீர்கள்?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

வீடு எழும்புவது உண்மை. அதை நான் மறுத்ததில்லை. 'விரும்பி' என்ற சொல்தான் என்னை நிறுத்துகிறது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டினார். நாளுக்கு 20 வெள்ளி, அதாவது 20 சிங்கப்பூர் டாலர். 'டெஸ்ட் அடித்து', அதாவது ஊரிலேயே தொழில்திறன் தேர்வு எழுதித் தேறி வந்தவர். ஏஜெண்டுக்குக் கட்டியது மூன்றரை லட்சம் ரூபாய், அதுவும் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். மாத வட்டி மட்டும் 10,500 ரூபாய். மாதத்தில் எட்டு நாள் உழைப்பு வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும்.

சிங்கப்பூரில் இயங்கும் முகவர் ஒரு தொழிலாளரிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பணம் கைமாறுவது ஊரில், பெரும்பாலும் ரசீதே இல்லாமல். அங்கே இந்தச் சட்டத்தின் கை நீளாது.

அந்த இளைஞருக்கு நான்கு மாத மிகைநேர ஊதியம் பாக்கி இருந்தது. புகார் எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணே, இன்னும் ஒன்றரை வருடக் கடன் இருக்கிறது" என்றார். அவருடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி அதை எந்த நாளும் ரத்து செய்யலாம். வேலையில் இருப்பவர் சம்பளப் பாக்கியைக் கேட்டுப் பெற ஓராண்டுக்குள் பதிவு செய்தாக வேண்டும். கடன் அடைந்து வாய் திறக்கும் துணிவு வரும்போது, கேட்கும் உரிமை காலாவதியாகியிருக்கும். அவர் பொறுமையாக இருந்தார் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடிப்படைத் திறன் தகுதி கொண்ட வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவருக்காக 2024 முதல் முதலாளி அரசுக்குச் செலுத்தும் மாதத் தீர்வை 900 வெள்ளி. அதைத் தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். ஆனால் பலருடைய அடிப்படைச் சம்பளம் அந்த 900-ஐ எட்டுவதில்லை. ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கட்டும் தொகை அவர் உழைப்பின் விலையைவிடப் பெரியதாக இருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. குறைந்த செலவில் நமக்கு வீடுகளும் ரயில் நிலையங்களும் எழும்புவது இந்த இடைவெளியில்தான்.

உங்கள் புளோக்குக்கு வந்தவர்கள் குறை சொல்லவில்லை என்கிறீர்கள். முன்பின் அறியாத வீட்டுக்காரரிடம், மேற்பார்வையாளர் காதில் விழும் தூரத்தில், வேறென்ன சொல்வார்கள்? குளிர்பானம் கொடுத்தது நல்ல காரியம், அதை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை அவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில், "ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீர்கள் தம்பி, இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேளுங்கள். தமிழில் கேட்க நம்மால் முடியும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.