கல்லாவைத் திறக்கும் முன்

சிறுதொழில் தொடங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கணக்கில் வரும் எண்களுக்கு எந்த ஊர்ப் பணத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விகிதத்தைப் பார்த்தால் போதும்.

கேள்வி: கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. 'நல்ல ஐடியா இருந்தால் போதும், பணம் தானாக வரும்' என்கிறான் நண்பன். 'கையில் காசு சேராமல் இறங்காதே' என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

அப்பா சொல்வதில் பாதி சரி. நண்பர் சொல்வதில் கால்வாசிகூட இல்லை. முதலில் வேண்டியது, காசு கொடுத்து வாங்க ஓர் ஆள். உறவுக்காரர், கூட வேலை பார்ப்பவர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். முகத்துக்காக ஒரு தடவை வாங்குவார்கள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத 10 பேரிடம் முழு விலைக்கு விற்றுப் பாருங்கள். 'நல்லா இருக்கே, ஆரம்பிச்சதும் சொல்லுங்க' என்றால் அது ஆர்டர் இல்லை. அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் ஆர்டர். அந்த 10 பேரில் 2 பேராவது கூப்பிடாமலே திரும்பி வந்தார்கள் என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அதன் பிறகுதான் பணம். அது மூன்று இடத்துக்குப் போகும்: ஒருமுறைச் செலவு (மெஷின், இடத்துக்கு முன்பணம், பதிவுக் கட்டணம்), முதல் சரக்கு, ரொட்டேஷன் (சரக்கு விற்றுக் காசு திரும்பி வரும்வரை தொழிலில் சுழலும் பணம்). பெரும்பாலானவர்கள் முதல் இடத்திலேயே பையைக் காலி செய்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்து, ஷெல்ப் போட்டு, போர்டு மாட்டி முடிக்கும்போது சரக்கு வாங்கக் காசு இருக்காது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ரொட்டேஷனுக்கென்று தொடாமல் வையுங்கள். வீட்டுச் செலவுக்கு 6 மாதத் தொகை இதில் சேராது, அது தனி. மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள், இல்லாவிட்டால் பழையது பாருங்கள். புது மெஷினை வாங்கிய மறுநாளே விற்றாலும் போட்ட காசு வராது. பழைய மெஷின் அந்த நட்டத்தை முதல் சொந்தக்காரர் தலையில் கட்டிவிட்டு உங்களிடம் வருகிறது.

கேள்வி: வீட்டிலிருந்தே துணிப்பை தைத்து விற்கிறேன். ஒரு பைக்குத் துணி 30, ஜிப்பும் நாடாவும் 9, நூல் 1, ஆக 40. விற்பது 60-க்கு. பைக்கு 20 நிற்க வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றுமே இல்லை. எங்கே போகிறது?

உங்கள் அடக்கவிலை தப்பு, சகோதரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துணிக்கு 30 என்பது பையில் கண்ணுக்குத் தெரியும் துணிக்கு மட்டும். நீங்கள் அனுப்பிய அளவுப்படி துணி அகலம் 150 சென்டிமீட்டர், தையல் இடமும் சேர்த்து ஒரு துண்டு 40 சென்டிமீட்டர். அகலத்தில் 3 துண்டு வெட்டினால் 120. மீதி 30 சென்டிமீட்டர் கிழிசலாக மூலையில் கிடக்கிறது. அதற்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள். 120-க்கு நீங்கள் போட்ட 30, முழு 150-க்குக் கணக்கிட்டால் 37.50. ஒரு பைக்கு உண்மையான துணிச் செலவு அதுதான். ஜிப், நாடா, நூல் 10. மடித்துப் போடும் கவரும் அனுப்பும் உறையும் 4. மின்சாரம், மெஷின் தேய்மானம் 2. வெட்டித் தைத்து முடிக்க 25 நிமிடம். வெளியாள் வைத்தால் மணிக்கு 48 கூலி என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இந்தப் பைக்கு 20. மொத்தம் 73.50. நூற்றில் 4 பை ஜிப் கோணி, தையல் நழுவி விற்காமல் போகிறது என்றும் சொல்கிறீர்கள். அந்த நான்கின் செலவை மற்ற 96 பைகள் சுமக்க வேண்டும்: 73.50-ஐ 0.96-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 77.

77 ஆகும் பை 60-க்குப் போகிறது. கூலி 20 வர வேண்டிய இடத்தில் 4 சொச்சம்தான் தேறுகிறது. காசை யாரும் திருடவில்லை. உங்கள் கூலியை வாங்குபவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விலையைத் தொடும் முன் கத்தரிக்கோலைத் தொடுங்கள். துண்டை 40-லிருந்து 37 சென்டிமீட்டராக்கினால் 148-க்குள் 4 துண்டு வந்துவிடும். 3 சென்டிமீட்டர் குறைந்ததை வாங்குபவர் கவனிக்கப்போவதில்லை. பைக்குத் துணி 28 ஆகிறது, அடக்கம் 67-க்கு இறங்குகிறது. துணி வாங்கும்போது அகலத்தை நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஓரக்கரை போக 148 இல்லாவிட்டால் நாலாவது துண்டு விழாது.

இனி விலை. இங்கேதான் அநேகம் பேர் சறுக்குகிறார்கள். '30 சதவீத லாபம் வைக்கிறேன்' என்று 67-உடன் அதன் 30 சதவீதத்தைக் கூட்டி 87-க்கு விற்பார்கள். விற்கும் விலையில் அது 23 சதவீதம்தான். விற்பனையில் 30 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 67-ஐ 0.70-ஆல் வகுக்க வேண்டும், விலை 96. வாடகை, போன், போக்குவரத்து, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அந்த 29-க்குள்தான் அடங்க வேண்டும். பேரம் பேசுபவருக்கு 10 சதவீதம் தள்ளினால் 29-இல் ஏறக்குறைய 10 போய்விடும். விலையில் பத்தில் ஒன்று, மிச்சத்தில் மூன்றில் ஒன்று.

தனி இடம் எடுக்க யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாத நிலைச் செலவு (விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய வாடகை போன்றவை) 8,700 என்றால், அதை 29-ஆல் வகுக்க 300 பை. 25 வேலை நாளில் நாளுக்கு 12, தைக்க 5 மணி நேரம். ஓர் ஆளால் முடியும். நிலைச் செலவு 24,000 ஆகிவிட்டால் நாளுக்கு 33 பை, அதாவது 13 மணி நேரத்துக்கு மேல் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். நட்டமில்லாமல் நிற்பதற்கே அவ்வளவு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு சப்ளை செய்கிறேன். விற்பனையில் 20 சதவீதம் லாபம் நிற்கிறது. இந்த வருடம் ஆர்டர் இரண்டு மடங்கு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்குகிறேன். லாபத்தில் ஓடும் தொழிலில் எப்படிப் பணமுடை வரும்?

தாராளமாக வரும். லாபம் கணக்குப் புத்தகத்தில் பில் போட்ட அன்றே வந்துவிடுகிறது, பணம் வசூலாகும் நாளில்தான் வருகிறது. நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மூலப்பொருள் வாங்கியதிலிருந்து சரக்கு வெளியே போக 30 நாள், பில் பாஸாகிப் பணம் வர 45 நாள், ஆக 75. மூலப்பொருள் கொடுப்பவர் உங்களுக்குத் தரும் கடன் 15 நாள். கழித்தால் 60 நாள் உங்கள் கைக்காசு வெளியே நிற்கிறது. தினமும் 1,000 செலவானால் 60,000 முடங்கும். ஆர்டர் இரண்டு மடங்கானால் 1,20,000. கூடுதலாக வேண்டிய 60,000 எங்கிருந்து வரும்? தினம் 1,000 செலவுக்கு விற்பனை 1,250, அதில் 20 சதவீத லாபம் 250. பழைய லாபத்தில் சேர்த்தால் 240 நாள் ஆகும். அதற்குள் சம்பள நாள் எட்டு முறை வந்துவிடும்.

அதனால் இந்த நாள் கணக்கைக் குறையுங்கள். சரக்கு இறங்கிய அன்றே பில் கொடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று விட்டால், மாத முதலில் கொடுத்த சரக்குக்கு 30 நாள் இலவசக் கடன் கொடுத்தவர் ஆகிறீர்கள். ஆர்டர் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பில் திரும்பி வரும், நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்த பிறகு போன் செய்யாதீர்கள். 5 நாள் முன்பே கணக்குப் பிரிவில் பேசி, 'பில் வரிசையில் இருக்கிறதா' என்று கேளுங்கள். பெரிய ஆர்டரை இரண்டு, மூன்று தவணையாக இறக்கி ஒவ்வொன்றுக்கும் தனி பில் போடுங்கள். மூலப்பொருள் அளவுக்காவது அட்வான்ஸ் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

45 நாளுக்குப் பதில் 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் கழிவு தருகிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் 35 நாள் முந்தி வாங்க 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 21 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் கடன் வட்டி அதைவிடக் குறைவென்றால் கடனே லாபம். அட்வான்ஸும் இல்லை, தவணையும் இல்லை என்றால் ஆர்டரில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் சரிபாதிக் கூட்டு. ஒப்பந்தம் எழுதலாம் என்றால் 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்கிறான்.

நம்பிக்கை வேறு, ஞாபகம் வேறு. இரண்டு வருடம் கழித்து 'அன்றைக்கு என்ன பேசினோம்' என்று இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும். யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் போடுகிறார்கள் என்பதை எழுதுங்கள். ஒருவர் முழு நேரமும் உழைத்து மற்றவர் முதல் மட்டும் போடுகிறார் என்றால் உழைப்பவருக்குச் சம்பளம் தனி, லாபப் பங்கு தனி. எந்தத் தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்து? ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிட்டு, எத்தனை மாதத்தில் கொடுப்பது? ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன? சரிபாதியில் கருத்து முட்டினால் வண்டி நகராது. கொள்முதலில் கடைசிச் சொல் ஒருவருக்கு, விற்பனையில் மற்றவருக்கு என்று பிரித்துவிடுங்கள். இன்னொன்று, சாதாரணக் கூட்டில் தொழிலுக்காகக் கூட்டாளி வாங்கிய கடன் முழுதும் உங்கள் சொந்தச் சொத்து வரை வந்து நிற்கலாம். இதைச் சொன்னால் நண்பரும் பேனாவை எடுப்பார்.

கேள்வி: கணக்குக்கு எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?

முதல் மாதம் ஒரு நோட்டு போதும். நோட்டில் எழுதாதவர் சாப்ட்வேரிலும் ஏற்றப்போவதில்லை. இரவு கடை மூடியதும் கல்லாவில் இருப்பதை முதலில் எண்ணி எழுதுங்கள், பிறகு நோட்டைப் பாருங்கள். நோட்டைப் பார்த்துவிட்டு எண்ணினால் கை தானாக அந்தத் தொகைக்கே வந்து நிற்கும். காலை இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் செலவு: எண்ணிய ரொக்கத்தோடு ஒத்துவராவிட்டால் 'வித்தியாசம்' என்றே எழுதுங்கள், அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். ஒரே கிழமையில் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் அன்றைய வேலையில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்த பணம் 'சொந்த எடுப்பு' என்று தனிப் பத்தியில் வர வேண்டும். வங்கிக் கணக்கும் தனி. விற்பனையில் வசூலிக்கும் வரி உங்கள் பணம் அல்ல, வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். வழவழப்பான தாளில் சூட்டால் அச்சாகும் ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும். கைக்கு வந்தவுடன் போட்டோ எடுங்கள்.

ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கை 1494-இல் வெனிஸில் முதன்முதலாக விளக்கமாக அச்சில் கொண்டுவந்த இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி, வியாபாரி முதலில் செய்ய வேண்டியது தன்னிடம் உள்ள அத்தனையையும் பட்டியல் எடுப்பது என்கிறார். நீங்களும் முதல் பக்கத்தில் ரொக்கம், சரக்கு, சாமான், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பெயர், லோகோ, வெப்சைட், லைசென்ஸ்: எது முதலில்?

லைசென்ஸ் விசாரணை. அதுவும் இடம் பிடிப்பதற்கு முன். அந்தக் கட்டடத்தில் அந்தத் தொழில் நடத்த அனுமதி உண்டா, மின் இணைப்பின் லோடு மெஷினைத் தாங்குமா என்று கேளுங்கள். உடம்பில் படும் பொருள், வாயில் போடும் பொருள், குழந்தைகளுக்கான பொருள் என்றால் பரிசோதனை, லேபிள் விதிகள் கூடுதலாக இருக்கும். பெயருக்கு ஒரு சாயங்காலம் போதும்: போனில் ஒரு தடவை சொன்னால் எழுத வர வேண்டும், வேறு யாரும் பதிவு செய்திருக்கக் கூடாது. லோகோ காத்திருக்கும்.

கேள்வி: வேலையை எப்போது விடலாம்?

இரண்டு கணக்கு தேற வேண்டும். உங்கள் கூலியையும் செலவில் சேர்த்த பிறகு தொடர்ந்து 3 மாதம் மிச்சம் நிற்க வேண்டும், பண்டிகை மாத விற்பனையை இதில் சேர்க்காதீர்கள். ஒரே ஆள் உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அவர் ஒரு நாள் வேறு கடைக்குப் போனால் நீங்கள் மறுபடி வேலை தேட வேண்டியிருக்கும். அதுவரை காலையில் ஒரு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் என்று ஓட்டுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்பதை மட்டும் இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.