இரண்டு பொருள், ஒரு கவனம்: மூளை அலைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கண்ணை அசைக்காமலே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பொருள்களைக் கவனிக்க முடிகிறதே. மூளை இரண்டையும் ஒன்றாகவா கவனிக்கிறது?

பதில்: நமக்கு அப்படித்தான் தெரிகிறது. 2012-இல் லாண்டாவ், ஃப்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பார்வை நடுப்புள்ளியில் இருக்க வேண்டும். கவனம் மட்டும் இருபுறமும் உள்ள படங்களில். திடீரென ஒரு படத்தைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு மினுக்கம் வரும். கவனம் அந்தப் பக்கம் இழுபடும். அப்புறம் ஏதாவது ஒரு படத்தில் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத சின்ன மாற்றம். கவனித்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மினுக்கத்துக்கும் மாற்றத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் (கலந்துகொண்டவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு!). மாற்றத்தைப் பிடிக்கும் திறன் ஒவ்வொரு பக்கமும் நொடிக்குச் சுமார் 4 முறை ஏறி இறங்கியது. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறக்கம். அதாவது கவனம் முறைவைத்து மாறுகிறது. விட்ட இடத்துக்குத் திரும்பிவரக் கால் நொடி ஆகிறது.

கேள்வி: மூன்று பொருள் இருந்தால்?

பதில்: ஒவ்வொன்றுக்கும் பங்கு குறையும். நகரும் பொருள்களை வைத்து ஹோல்கோம்ப், சென் 2013-இல் அளந்தார்கள்: ஒன்றைத் தொடரும்போது, ஓர் இடத்தை நொடிக்கு 7 பொருள்கள் கடக்கும் வேகம் (7 ஹெர்ட்ஸ்) வரை தாக்குப்பிடித்தவர்கள், மூன்றைத் தொடரும்போது 3 ஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை.

கேள்வி: ஆல்ஃபா அலைக்கு இதில் என்ன வேலை?

பதில்: மூளையின் மின்சாரம் தாளத்தோடு ஏறி இறங்குவதைத்தான் மூளை அலை என்கிறோம். மனித மூளை அலைகளை முதலில் பதிவுசெய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதியது ஆல்ஃபா அலை பற்றித்தான்; அது நொடிக்கு 8 முதல் 12 முறை ஏறி இறங்கும். கண்ணை மூடினால் பின்மண்டையில் ஓங்கும். இடப்பக்கம் கவனித்தால் அதைக் கையாளும் வலது மூளையில் தணியும். கவனிக்காத பக்கத்தைக் கையாளும் இடது மூளையில் ஓங்கியே நிற்கும். வேண்டாததை அமுக்கிவைக்கும் வேலை அது என்பது பலரின் கருத்து.

கேள்வி: இதெல்லாம் உறுதியா?

பதில்: சண்டை ஓயவில்லை. பொத்தான் அழுத்தும் தரவுகளில் கண்ட தாளம், கணக்கிட்ட முறையால் வந்த மாயையாக இருக்கலாம் என்று 2022-இல் புரூக்ஷயர் காட்டினார். சீரான தாளமே இல்லாத ஏற்ற இறக்கத்தையும் அந்தக் கணக்கு தாளம் என்றே சொல்லிவிடும். அது நியாயமான அடி. ஆனால் 2018-இல் குரங்குகளின் மூளைக்குள் மின்முனை வைத்துப் பார்த்தபோது, தீட்டா அலை (ஆல்ஃபாவைவிட மெதுவான மூளை அலை) ஏற்றம், இறக்கம் என எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கண்டுபிடிக்கும் திறன் மாறியது. பொத்தான் கணக்கைவிட அதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.