படிவத்தை நிரப்பியவர் யார்? மருத்துவக் காப்பீடு: கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலிசி எடுத்த பின்னர் எழுதப்பட்டவை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் எழுதியிருந்தால் சிலருக்கு வேறு பதில் தந்திருப்பேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு எந்தக் கம்பெனியின் பாலிசி நல்லது? (தக்கலை)

இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, யாருக்கு என்ன நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற ஐந்தையும் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

எனக்கு 38, மனைவிக்கு 34, இரண்டு குழந்தைகள். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 62. அப்பாவுக்குப் பிரஷர் உண்டு. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபுளோட்டர் எடுத்தால் மலிவாகுமா? (மார்த்தாண்டம்)

ஆகாது. ஃபுளோட்டர் என்பது ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் பாலிசி. அதில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படும் என்பதால், உங்கள் குழந்தைகளுக்கான பாதுகாப்புக்கும் 66 வயதின் விலையைக் கட்ட நேரும். அதோடு அப்பா ஒருமுறை நீண்ட நாள் படுக்கையில் இருந்தால் அந்த ஆண்டுக்கான தொகை மற்ற ஐவருக்கும் கரைந்துவிடும். நீங்களும் மனைவியும் குழந்தைகளும் ரூ.10 லட்சத்துக்கு ஒரு ஃபுளோட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபதாயிரத்தில் முடியும். பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுங்கள். அடிப்படைப் பாலிசியை ரூ.5 லட்சத்தில் நிறுத்தி, அந்தத் தொகையைத் தாண்டும் செலவை ஏற்கும் ‘சூப்பர் டாப்அப்’ பாலிசி ஒன்றைச் சேர்த்தால், நேரடியாகப் பெரிய தொகைக்கு எடுப்பதைவிடச் செலவு குறையும்.

தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய பட்டியலைக் காட்டி வரியையும் சேர்த்து யாராவது தொகை சொன்னால் கேள்வி கேளுங்கள். பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு ரூ.50,000 வரை வருமான வரிக்கழிவு உண்டு என்றாலும், அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. பிரீமியத்தைப் பணமாகக் கட்டியிருந்தால் அதுவும் கிடையாது.

அப்பாவின் பிரஷரைப் படிவத்தில் எழுதுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்; நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் என்றால் நாங்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் போவோம். தமிழ்நாட்டில் எடுத்த பாலிசி கேரளத்தில் செல்லுமா? (குழித்துறை)

செல்லும். களியக்காவிளையைத் தாண்டினாலும் பாலிசிக்கு மாநில எல்லை கிடையாது. ஆனால் கேஷ்லெஸ், அதாவது நீங்கள் பணம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் வசதி, எளிதில் கிடைக்க வேண்டுமானால் நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். நாகர்கோவிலில் இரண்டு, திருவனந்தபுரத்தில் இரண்டு என உங்கள் குடும்பம் உண்மையில் போகக்கூடிய நான்கு ஆஸ்பத்திரிகளின் பெயரை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசைக்கும் ஒருமுறை போன் செய்து கேளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் ஒப்பந்தம் முடிந்துபோன இடங்கள் உண்டு. சில பாலிசிகளில் ஊரை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வைத்திருப்பார்கள்; உங்கள் மண்டலத்தைவிட விலை கூடிய மண்டலத்தில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அந்த விதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அதற்குமேல் தாமதித்து, ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அந்தக் கட்டணத்தைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும்.

பாலிசி எடுத்து ஆறு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்குக் கிளெய்ம் போடலாமா? (இரணியல்)

கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு உண்டு, அதாவது அதுவரை அந்தச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டார்கள். அது முடிந்த பிறகும் ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்ற வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். பில் ரூ.2.40 லட்சம். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்ததை மறைத்துவிட்டோம் என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். நாங்கள் மறைக்கவில்லை. முகவரிடம் சொன்னோம், “அதை எழுத வேண்டாம், நாலு வருஷம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று அவர்தான் சொன்னார். பாலிசி எடுத்து நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது. (கருங்கல்)

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் என் மேசைக்கு வந்த மறுப்புக் கோப்புகளில் இந்தக் கதையை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பாலிசி கேட்டு நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவத்தின் நடுப்பக்கத்தில் நோய்களின் பட்டியல் இருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், தைராய்டு என்று வரிசையாக, எல்லாவற்றுக்கும் நேராக ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரே வேகத்தில் போட்ட டிக். டிக் போட்ட பேனா நீலம்; கீழே கையெழுத்துப் போட்ட பேனா கருப்பு. கையெழுத்துப் போட்டவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது எவருக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கையெழுத்துக்கு மேலே இருப்பதெல்லாம் கையெழுத்திட்டவரின் வாக்குமூலம்.

எதிர்ப்பக்கத்தில் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதன் முதல் வரியிலேயே, நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதற்றத்தில் மனைவியோ மகனோ சொன்ன பதில், ‘சர்க்கரை, 8 ஆண்டுகள்’ என்று பதிவாகியிருக்கும். அந்த ஒரு வரியையும் இந்த டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மறுப்புக் கடிதம் தானாக எழுதப்பட்டுவிடும்.

எனக்கு இதில் தாங்க முடியாதது, அந்த மறைப்பால் உங்களுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது என்பதுதான். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முன்பு அதிகபட்சம் 4 ஆண்டுகள். 2024 ஏப்ரலுக்குப் பின் 3 ஆண்டுகள். சர்க்கரை இருக்கிறது என்று எழுதி, ஆண்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கட்டியிருந்தால், உங்கள் நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் பழைய விதிப்படிகூடக் காத்திருப்பு முடிந்திருக்கும். முகவர் அன்றைக்கு ஒரு விற்பனையை எளிதாக்கிக்கொண்டார். அதற்கான விலையை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். என் சொந்த அக்காவின் கணவருக்கே இது நடந்தது. தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை எழுத வேண்டாம் என்று ஒரு முகவர் சொன்னதைக் கேட்டு, வீட்டிலேயே கிளெய்ம் பார்த்தவன் ஒருவன் இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்தப் பணம் வரவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், கம்பெனியிடமிருந்து முன்மொழிவுப் படிவத்தின் நகலையும், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்ற எழுத்துப்பூர்வமான காரணத்தையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்பது 2024 விதி. அந்தக் குழு பார்த்ததா என்றும் கேளுங்கள். அடுத்து, கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட முதல் பரிசோதனைச் சீட்டு இருந்தால் தேடி எடுத்து இணையுங்கள். எட்டு ஆண்டுகள் என்பது பதற்றத்தில் சொன்ன தோராயமாக இருந்து, உண்மையில் பாலிசிக்குப் பின்னரே நோய் தெரியவந்திருந்தால் அந்தச் சீட்டு வழக்கையே மாற்றிவிடும். முகவரிடம் சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தி ஏதும் இருந்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனியின் இறுதி மறுப்பு வந்த ஓராண்டுக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

பாலிசி ஐந்து ஆண்டுகள் இடைவெளியில்லாமல் ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தாலொழிய மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. உங்களுக்கு அதற்கு இன்னும் பத்து மாதம் குறைகிறது. வெற்றி நிச்சயம் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இன்றே உங்கள் பாலிசிக் கோப்பைத் திறந்து, முன்மொழிவுப் படிவத்தின் நகலில் அந்த நடுப்பக்கத்தைப் பாருங்கள். தவறு இருந்தால் கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். பிரீமியம் கூடலாம், புதிதாகக் காத்திருப்பும் வைக்கலாம். அவசரப் பிரிவின் வாசலில் நின்று தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

ரூ.1.80 லட்சம் பில்லுக்கு ரூ.1.30 லட்சம்தான் தந்தார்கள். காப்பீட்டுத் தொகையோ ரூ.3 லட்சம். ஏன் வெட்டினார்கள்? (நாகர்கோவில், கோட்டாறு)

பில்லின் பிரிவுகளை நீங்கள் அனுப்பவில்லை. அறை நாளுக்கு ரூ.5,000, ஐந்து நாள் என்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே காரணம் தெரிகிறது. உங்கள் பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு ரூ.3,000 என்று இருந்திருக்கும். அறைக்கு அனுமதித்தது அறுபது சதவீதம் என்றால், மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே அறுபது சதவீதம்தான் தருவார்கள். அவை சேர்ந்து ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதில் நாற்பதாயிரம் போய்விட்டது. அறையில் பத்தாயிரம் போய்விட்டது. ஐம்பதாயிரத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறது.

ஆனால் மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டைப் போடக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாமல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியாக இருந்தால் விகித வெட்டே கூடாது. அப்படியென்றால் ஆஸ்பத்திரியிடம் ஒரு கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த புதுப்பிப்பில் அறை வாடகை வரம்பில்லாத பாலிசிக்கு மாறுங்கள். மாறுவதற்கான விண்ணப்பத்தை ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கழித்த காத்திருப்புக் காலமும் கூடவே வரும். புதிய கம்பெனியின் படிவத்தையும் நீங்களே நிரப்ப வேண்டும்.

கை முறிந்து, எங்கள் ஊர் ஆசானிடம் கட்டுப் போட்டு இருபது நாள் தங்கிச் சிகிச்சை எடுத்தேன். ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்ற) சிகிச்சைக்கு இப்போது வரம்பில்லை என்கிறார்களே, கிளெய்ம் கிடைக்குமா? (அருமனை)

ஆசானின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் மூட்டும் ஒரு வர்ம ஆசான் கைபட்டுத்தான் நேரானது. ஆனால் காப்பீடு பார்ப்பது இடத்தையும் பட்டத்தையும். பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர் இருபத்து நான்கு மணி நேரமும் பொறுப்பில் இருந்து, குறைந்தது 5 படுக்கைகளோடு, தினசரிப் பதிவேடும் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அல்லது அரசு ஆயுஷ் மருத்துவமனையாகவோ கல்லூரி மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இந்த வகையில் வரும். வைத்தியசாலைத் திண்ணையில் எழுதித் தந்த சீட்டுக்குக் கிடைக்காது.

கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். தனியார் காப்பீடு எடுக்கும் வசதி இப்போது இல்லை. (குளச்சல்)

முதலில் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்த அட்டையைப் பயன்படுத்தலாம். அதோடு வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ரூ.2 லட்சம். இது ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது என்பதை நினைவில் வையுங்கள். விபத்துக் காப்பீடு வேறு, மருத்துவக் காப்பீடு வேறு. பின்னாளில் தனியார் விபத்துப் பாலிசி எடுத்தால் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுத விடாதீர்கள். கடலுக்குப் போகிறவர் என்றே எழுதுங்கள்.

மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனுடைய கம்பெனி இன்சூரன்ஸ் எங்களுக்கு இங்கே உதவுமா? (திங்கள்நகர்)

அவருடைய கம்பெனி உங்கள் பெயரைச் சேர்த்து, இந்தியாவில் சிகிச்சை என்று எழுதித் தந்தாலொழிய உதவாது. அவர் அங்கிருந்தே உங்கள் பெயரில் இங்கே ஒரு பாலிசி எடுத்துப் பிரீமியம் கட்டலாம். ஆனால் படிவத்தில் உங்கள் நோய் விவரங்களை அவர் ஊகித்து எழுதக் கூடாது. மாத்திரைச் சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்பி, அவர் நிரப்பியதை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தமிழில் விதிகள் கிடைக்குமா? (பூதப்பாண்டி)

முழுப் பாலிசி கிடைப்பது அரிது. ஆனால் முக்கிய விதிகளைச் சுருக்கித் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்கலாம். கேட்டால் தர வேண்டும். பாலிசி கையில் வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. அந்த முப்பது நாளில் தாளைப் படித்துவிடுங்கள்.

புதுப்பிக்கும் தேதி தாண்டி இருபது நாள் ஆகிவிட்டது. (கொல்லங்கோடு)

ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இன்றே கட்டுங்கள். காத்திருப்புக் கணக்கு அறுந்துபோகாது. ஆனால் தேதி தாண்டியதிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அந்தச் செலவு கிடைக்காது.