ஏழு இருக்கை, ஒரு டீசல் எஞ்சின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டீசல் குடும்ப வண்டிகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வண்டியை விற்றவர்களின் பெயர்களையும், அவர்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய சில சொற்களையும் நீக்கியிருக்கிறேன்.

பிஎஸ்6 டீசல் ஏழு இருக்கை வண்டி வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. தினமும் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து அலுவலகத்துக்கு ஐந்து கிலோமீட்டர். மூன்றாவது முறையாக டிபிஎஃப் விளக்கு எரிகிறது. ‘ஓட்டும் விதம் சரியில்லை’ என்கிறார்கள் சர்வீஸில். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. நான் ஏமாற்றப்பட்டேனா? — எஸ்.கே., கோவை

பாதி அளவுக்கு ஆம். வண்டியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த வண்டியை உங்களுக்கு விற்றிருக்கக் கூடாது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி சேர்க்கப்பட்டது, அதுதான் டிபிஎஃப். கரித்துகள் அதில் படிந்துகொண்டே வரும், ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். இதற்குத் தடையில்லாத ஓட்டம் கால் மணி நேரமாவது வேண்டும். மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் சூடாகவே ஆரம்பித்திருக்காது, நீங்கள் பள்ளி வாசலில் அணைத்துவிடுகிறீர்கள். அரைகுறையாக நின்றுபோன ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் போய்ச் சேர்கிறது. ஆகவே இன்றே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், ஞாயிறு காலையில் நீலாம்பூரில் நெடுஞ்சாலை ஏறி, ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுழற்சி 2,000க்குக் குறையாமல் பெருந்துறை வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மாதம் இருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்ட வேண்டாம், சர்வீஸ் நிலையத்தில் கருவி வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வடிகட்டியையே கழற்றித் தருவதாகச் சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம்.

மூன்று முறைக்குமான ஜாப் கார்டு நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு, உற்பத்தி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ‘தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?’ என்று விற்பனையாளர் கேட்டதற்கோ, நீங்கள் சொன்னதற்கோ ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருந்தால் உங்கள் கை ஓங்கும். கையேட்டில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதை அவர்கள் காட்டுவார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் மாடல் 1,60,000 ரூபாய் அதிகம். ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். டீசலில் லிட்டருக்கு 16, பெட்ரோலில் 11 கிடைக்கும் என்கிறார்கள். இங்கே பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய். எதை வாங்கலாம்? — ஆர்.வி., சேலம்

கிலோமீட்டருக்கு மிச்சம் 3 ரூபாய் 37 காசு. கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப 47,000 கிலோமீட்டருக்கு மேல், அதாவது ஏழு ஆண்டு ஆகும். பெட்ரோல் வாங்குங்கள்.

டில்லிப் பதிவெண் கொண்ட 2016 இன்னோவா கிரிஸ்டா, இங்குள்ள விலையைவிட மிகக் குறைவாக வருகிறது. வாங்கலாமா? — எம்.பி., மதுரை

டில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. பின்னர் அந்த நிலைப்பாட்டில் மாற்றங்கள் வந்தாலும், பத்து வயதை நெருங்கும் வண்டியைத் தள்ளிவிடும் அவசரம் அங்கே இருக்கிறது. விலை குறைவதற்கு அதுதான் முதல் காரணம், எனவே குறைந்த விலை என்பதாலேயே அது திருட்டு வண்டி என்று அஞ்ச வேண்டாம்.

ஆனால் தரகர் சொல்லும் விலை பாதி விலைதான். டில்லிப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, வங்கிக் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு மிஞ்சுவதே உண்மையான லாபம். சான்று கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ‘ஒரு வருஷம் அப்படியே ஓட்டலாம் சார்’ என்பார் தரகர். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அந்த அவகாசம் வரி கட்டாமல் இருப்பதற்கான அனுமதி அல்ல.

திருச்சியில் ஒரு பழைய கார் கடையில் 2013 இன்னோவா டீசலை 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 78,000. வாங்கிய பின் கம்பெனி சர்வீஸில் விசாரித்தால், 2019இலேயே 1,64,000 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. — ஜி.எஸ்., திருச்சி

உங்கள் வருத்தம் எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு டீசல் வேனை, மீட்டரில் 62,000 என்பதைப் பார்த்து மயங்கி வாங்கினேன். பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்ததைக் கண்டும், ‘நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்’ என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னவன் நான். அறுபதாயிரத்தில் யாரும் பெடல் ரப்பரை மாற்றுவதில்லை என்பது எனக்குப் புரிய, ஒரு கிளட்சும் ஒரு டர்போவும் செலவாயின.

முதலில் வண்டியைக் காப்பாற்றுங்கள். உங்களுடையது 2.5 லிட்டர் எஞ்சின், அதில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மீட்டரை நம்பி அதன் முறைக்காகக் காத்திருந்தால், பெல்ட் அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், பழைய பெல்ட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது கடைக்காரர். சர்வீஸ் பதிவின் அச்சுப்படி, விளம்பரத்தின் படம், பணம் கொடுத்த சான்று, மீட்டரின் புகைப்படம் ஆகியவற்றுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிப் பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். ‘உள்ளது உள்ளபடி விற்றது’ என்று ரசீதில் எழுதியிருந்தாலும் கலங்காதீர்கள், பொய்யான மீட்டரைக் காட்டி விற்றவரை அந்த வரி காப்பாற்றிவிடாது. மீட்டரைத் திருத்தியது அவர்தான் என்று காட்ட முடிந்தால், ஏமாற்றியதாகக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதே வண்டியைக் கடையில் அல்லாமல் ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால், நுகர்வோர் ஆணையம் உதவாது, உரிமையியல் நீதிமன்றம்தான்.

என் பழைய டீசல் வண்டியைத் தரகரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு விபத்து வழக்கில் எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வாங்கியவர் யாரென்றே தெரியாது. — டி.ஆர்., திண்டுக்கல்

தேதி போடாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, நிரப்பாத காசோலையைக் கொடுப்பதைப் போன்றது என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? விற்றவர் பதினான்கு நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கைகள் மாறியிருந்தது, ஆனாலும் பொறுப்பு முதலாமவரிடமே வந்து நின்றது.

நோட்டீஸைப் புறக்கணிக்காமல் வழக்கறிஞரை வைத்து ஆஜராகுங்கள். விபத்து நாளில் காப்பீடு உயிரோடு இருந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள், இருந்திருந்தால் சுமை பெரிதும் குறையும். தரகரிடம் பணம் வாங்கிய வங்கிப் பதிவைத் தேடி எடுங்கள்.

30,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு 23,400 ரூபாய் பில். இது நியாயமா? — பி.என்., சென்னை

பில்லின் நகலை அனுப்பியிருப்பதற்கு நன்றி. பதினெட்டு வரிகளில் ஏழு வரிகள் உங்கள் வண்டிக்குத் தேவையே இல்லாதவை. பல ஆண்டுகளாக என் இரத்தக் கொதிப்பை உயர்த்திவரும் விஷயம் இது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டியை உருவாக்கிய பொறியாளர்கள் எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று கையேட்டின் பின்பகுதியில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். டீசல் வண்டியைப் பொறுத்தவரை எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏசி ஃபில்டர், அவ்வப்போது பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் என்று அந்தப் பட்டியல் மிகச் சாதாரணமானது. எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில், ஏசி கிருமிநாசினிப் புகை, சக்கரத்துக்குப் பூச்சு, சைலன்ஸருக்குப் பூச்சு ஆகியவை பொதுவாக அந்த அட்டவணையில் இருப்பதில்லை. அவை சர்வீஸ் ஆலோசகரின் மாத இலக்கு அட்டவணையில் இருப்பவை. ‘டீசல் வண்டி சார், கார்பன் சேரும்’ என்று அவர் முகத்தில் கவலையோடு சொல்லும்போது, நம் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதுபோல் நாமும் தலையாட்டிவிடுகிறோம். புகை, இழுவைக் குறைவு என்று ஒரு குறையும் இல்லாத எஞ்சினுக்கு, முப்பதாயிரத்திலேயே கார்பன் எடுக்கும் வேலை எதற்கு?

நானும் தலையாட்டியவன்தான். எலி வயரைக் கடிக்காமலிருக்க ஒரு தெளிப்புக்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் எலி கடித்தது. வழக்கத்தைவிடச் சுவையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை கையேட்டு அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் மதிப்பீட்டை வரி வரியாகப் படித்து, அட்டவணையில் இல்லாதவற்றைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: வடிகட்டி பொருத்திய டீசல் எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயில் வேண்டும், கையேடு சொல்லும் தர எண் டப்பாவில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். விலை குறைந்த வேறு ஆயிலை ஊற்றினால், கோவை வாசகரின் தொல்லை உங்களுக்கும் வரும். உங்கள் பில்லில் நியாயமான தொகையைக் கூட்டினால் 13,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. நீங்கள் கேட்காத வேலைகளுக்கான தொகையைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேளுங்கள், கையெழுத்தில்லாத மதிப்பீடு என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வால்பாறையிலிருந்து ஏழு பேரோடு இறங்கும்போது பிரேக்கில் புகை மணம், பெடல் உள்ளே போனது. பிரேக் பேட் மட்டமானது என்று டீலர் மீது வழக்குப் போடலாமா? — கே.எம்., தேனி

நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றுங்கள், வழக்கு வேண்டாம்.

டீசல் வண்டிக்குப் பங்க் ஊழியர் பெட்ரோல் போட்டுவிட்டார். பத்து லிட்டர்தான், மீதிக்கு டீசல் நிரப்பி ஓட்டிவிடலாம் என்கிறார். — வி.எல்., விழுப்புரம்

ஓட்டாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகு, பெட்ரோல் அந்த மசகைக் கழுவிவிட்டால் பம்பின் உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டேங்கை முழுதும் வடிக்கச் சொல்லுங்கள். ரசீதில் ‘பெட்ரோல்’ என்று அச்சாகியிருக்கும், அதைக் கையைவிட்டு விடாதீர்கள், செலவை அவர்கள்தான் ஏற்க வேண்டும். தவறு அவர்களுடையது.

வெள்ளை போர்டு வண்டியைச் சபரிமலை சீசனில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடலாமா? தெரிந்தவர்கள்தானே? — என்.டி., நாகர்கோவில்

கூடாது. பிடிபட்டால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, ‘வாடகை வாங்கினீர்களா?’ என்றுதான். காவலருக்கு உண்மையைச் சொல்லப்போவதும் அந்தத் தெரிந்தவர்தான்.

ஏழு இருக்கை வேண்டாம், நீண்ட டிக்கி கொண்ட பழைய டீசல் ஸ்டேஷன் வேகன் வாங்க ஆசை. — சி.ஏ., புதுச்சேரி

எனக்கும் உண்டு. டாடா இண்டிகோ மெரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வந்தவை நம் ஊரில் நிலைக்கவில்லை. வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: முன்பாதிக்கான பாகங்கள் அதே பெயருள்ள செடானிலிருந்தோ ஹேட்ச்பேக்கிலிருந்தோ கிடைக்கும், பின்கதவும் அதன் கண்ணாடியும் பின்விளக்கும் கிடைக்காது. பின்பக்கம் ஒரு கீறலும் இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கிய பின் மிக மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள்.

புகையின் நச்சைக் குறைக்க டீசல் வண்டிக்கு ஊற்றும் டிஇஎஃப் திரவம் என்பது 32.5 சதவீத யூரியாவும் நீரும்தானாமே? வயலுக்கு வாங்கிய மூட்டை வீட்டில் இருக்கிறது, கலந்துகொள்ளலாமா? — ஆர்.எஸ்., தஞ்சாவூர்

கூடாது. உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள். பயிருக்கே போடுங்கள்.